ஸ்பேம் வடிகட்டி வழியாக வரும் மெயிலை மட்டும் எங்கள் சர்வர் ஏற்கும்படி செய்வது எப்படி?

உங்கள் டொமைனுக்கான மெயில் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவை வடிகட்டும் சேவைக்கு மாற்றிய பிறகும், ஸ்பேம் நேராக உங்கள் போஸ்ட்ஃபிக்ஸ் (மெயில் சர்வர் மென்பொருள்) ஓடும் சர்வருக்கே வருகிறது என்கிறீர்கள். வரத்தான் செய்யும். எம்எக்ஸ் பதிவு வெறும் வழிகாட்டிப் பலகை. ஒழுங்கான சர்வர்கள் அதைப் பார்த்து நடக்கும்; ஸ்பேம் அனுப்புகிறவன் ஏன் பார்க்கப்போகிறான்? பழைய ஐபி முகவரியைக் குறித்து வைத்திருப்பான், இல்லையென்றால் டொமைனுக்கு முன்னால் 'மெயில்' என்று சேர்த்துத் தேடிப் பிடித்துவிடுவான். சர்வர்கள் ஒன்றுக்கொன்று மெயில் கொடுக்கும் 25ஆம் போர்ட் எல்லோருக்கும் திறந்திருக்கும்வரை, முன்வாசலில் காவலாளியை நிறுத்திவிட்டுக் கொல்லைக் கதவைத் தாழிடாமல் தூங்கும் கதைதான்.

இதற்குத் தேடினால் பலரும் சொல்லும் வழி, வடிகட்டியின் ஐபி முகவரிகளை போஸ்ட்ஃபிக்ஸ் அமைப்புகளில் உள்ள 'மைநெட்வொர்க்ஸ்' வரியில் சேர்ப்பது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த வரி, யார் உங்கள் சர்வர் வழியாக வெளியுலகுக்கு மெயில் அனுப்பலாம் என்பதற்கானது. தபால்காரர் நம் வாசலில் கடிதம் போடலாம் என்பதற்காக அவர் கையில் நம் லெட்டர்பேடையும் முத்திரையையும் கொடுத்துவிடுவோமா? வடிகட்டும் சேவையின் ஐபிகளை அதன் மற்ற வாடிக்கையாளர்களும் பகிர்ந்துகொள்கிறார்கள். அவர்களில் ஒருவர் தவறியோ வேண்டுமென்றோ தம் மெயில் சேரவேண்டிய இடமாக உங்கள் சர்வரைக் குறித்துவிட்டால், உங்கள் சர்வர் அதையும் வாங்கி உங்கள் பெயரில் வெளியே தள்ளப் பார்க்கும். 'மைநெட்வொர்க்ஸ்' வரியில் உங்கள் சொந்த இயந்திரங்கள் மட்டும் இருக்கட்டும்.

சரியான இடம், உங்கள் சர்வரோடு இணைகிறவர்களில் யாரை ஏற்பது என்று சொல்லும் 'கிளையன்ட் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' வரி. அதில் வரிசை இப்படி இருக்க வேண்டும்: முதலில் சொந்த நெட்வொர்க்குக்கு அனுமதி, அடுத்து கடவுச்சொல் கொடுத்து நுழைந்தவர்களுக்கு அனுமதி, பிறகு வடிகட்டியின் ஐபி வரம்புகள் எழுதிய சிஐடிஆர் கோப்பு, கடைசியில் மற்ற எல்லோருக்கும் மறுப்பு. இங்கே கிடைக்கும் அனுமதி இந்தக் கட்டத்தோடு முடிந்துவிடும். வேற்று டொமைனுக்கு ரிலே செய்வதை (மெயிலைக் கைமாற்றி அனுப்புவதை) தடுக்கும் விதி அதற்குப் பிறகும் தன் வேலையைச் செய்யும். சிஐடிஆர் கோப்பை 'போஸ்ட்மேப்' கட்டளை கொண்டு தரவுத்தளமாக மாற்ற வேண்டியதில்லை, ஆனால் திருத்திய பிறகு போஸ்ட்ஃபிக்ஸை 'ரீலோட்' செய்ய வேண்டும். இணைகிறவர் தம்மை அறிமுகப்படுத்தும் ஹெலோ கட்டளையில் சொல்லும் பெயரை வைத்து யாரையும் நம்பாதீர்கள். அங்கே எவரும் எந்தப் பெயரையும் சொல்லலாம்.

நான் இதை ஒரு நூற்பாலை அலுவலகத்துக்காகச் செய்தபோது இரண்டாவது அனுமதியை, கடவுச்சொல் கொடுத்து நுழைந்தவர்களுக்கானதை, எழுத மறந்துவிட்டேன். பொதுவான அமைப்புகள் உள்ள 'மெயின்' கோப்பில் எழுதுவதை, பயனர்கள் மெயில் அனுப்பும் 587ஆம் போர்ட்டும், தனியாக மாற்றிச் சொல்லாதவரை, அப்படியே எடுத்துக்கொள்ளும் என்பது அப்போது என் நினைவில் இல்லை. ஞாயிறு இரவு மாற்றினேன். ஸ்பேம் நின்றதைப் பார்த்து நிம்மதியாகப் படுத்தேன். திங்கள் காலை விற்பனைப் பிரிவில் ஒருவராலும் கைப்பேசியிலிருந்து மெயில் அனுப்ப முடியவில்லை. மேலாளர் கேட்ட முதல் கேள்வி, "நீங்கள் தடுத்தது ஸ்பேமையா, எங்களையா?" பதில் சொல்ல வாயில்லை. அன்றே, ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனியாக மாற்றிச் சொல்ல இடம் தரும் 'மாஸ்டர்' கோப்பில் 587க்குத் தனி விதி எழுதினேன்.

அதனால் மறுப்பை உடனே அமல்படுத்தாதீர்கள். கடைசியில் வரும் அந்த மறுப்புச் சொல்லுக்கு முன்னால் 'வார்ன் இஃப் ரிஜெக்ட்' என்று சேர்த்தால், மெயில் எப்போதும் போல் வந்துகொண்டே இருக்கும். தடுத்திருக்க வேண்டியவை மட்டும் லாகில் எச்சரிக்கையாகப் பதியும். ஒரு வாரம் அந்த லாகைப் படியுங்கள். எனக்கு அதில் தென்பட்டவை: கிளை அலுவலகத்து ஸ்கேனர் ஒன்று, யாரும் நினைவில் வைத்திராத பழைய கணக்கு மென்பொருள் ஒன்று. ஸ்கேனருக்குப் பயனர் கணக்கு கொடுத்து 587க்கு மாற்றினேன். மென்பொருளோடு நடந்த சண்டை தனிக்கதை.

வேறு சில இடங்களிலும் கை சுடும். இனி எல்லா மெயிலும் வடிகட்டியின் ஐபியிலிருந்தே வருவதால், உங்கள் சர்வரில் எஸ்பிஎஃப் சோதனை (அனுப்பும் ஐபிக்கு அந்த டொமைனின் அனுமதி உண்டா என்று பார்ப்பது) இருந்தால் நல்ல மெயிலும் அதில் தோற்கும். அந்த ஐபிகளுக்கு எஸ்பிஎஃப், கிரேலிஸ்ட் (புதியவரின் மெயிலை முதலில் திருப்பி, மறுபடி முயன்றால் ஏற்பது) இரண்டிலும் விலக்கு கொடுங்கள். லாகைப் பார்த்து ஐபிகளைத் தடைசெய்யும் ஃபெயில்2பேனிலும் கொடுங்கள், இல்லையென்றால் ஒருநாள் அது வடிகட்டியையே தடைசெய்துவிடும். ஃபயர்வாலிலும் 25ஐ அடைக்க விரும்பினால் ஐபிவி6 பக்கத்தையும் பாருங்கள். ஐபிவி4ஐ மட்டும் பூட்டிவிட்டு மற்றதைத் திறந்தே விட்டவர்களை நானறிவேன். இல்லாத பயனர்களுக்கு வரும் மெயிலை வடிகட்டி ஏற்ற பிறகு உங்கள் சர்வர் மறுத்தால், வடிகட்டி திருப்பி அனுப்பும் அறிவிப்பு, ஸ்பேமில் பெயர் களவாடப்பட்ட அப்பாவிக்குப் போய்ச் சேரும். பயனர் பட்டியலை வடிகட்டியிடமும் கொடுத்துவிடுவதே இதற்கு மருந்து.

முடித்ததும் வெளியே உள்ள ஓர் இயந்திரத்திலிருந்து 25ஐத் தொட்டுப் பாருங்கள். வீட்டு இணைப்பில் அது பெரும்பாலும் அடைபட்டிருக்கும். சர்வர் 220 என்று வரவேற்று, ஹெலோவுக்கும் 250 என்று பதில் சொல்வதைப் பார்த்துப் பதற வேண்டாம். போஸ்ட்ஃபிக்ஸ் மறுப்பை இயல்பாகவே ஒத்திவைக்கும். பெறுநர் முகவரியைக் கொடுத்த பிறகுதான் மறுப்பைக் குறிக்கும் 554 வரும்.