வீட்டுக் கிரனோலா கேள்வி பதில்: மும்பை ஈரத்திலும் மொறுமொறுப்பு நிற்க

ஓட்ஸ், பருப்பு, விதைகளை எண்ணெயும் இனிப்பும் விட்டுப் பிசறி, மிதமான சூட்டில் மொறுமொறுவென்று வறுத்தெடுப்பதுதான் கிரனோலா. செம்பூரிலிருந்து நெருல் வரை வந்த கேள்விகளில் பாதி, ‘ஏன் நமுத்துப் போகிறது’ என்பதுதான். அதனால் அதற்குத்தான் நீளமான பதில்.

கேள்வி (செம்பூர்): அக்கா, முதல் தடவை செய்யப் போறேன். ஓடிஜி (மேடையில வைக்கிற சின்ன மின்சார ஓவன்) இருக்கு. அளவை மட்டும் சரியாச் சொல்லுங்க.

பதில்: ரோல்டு ஓட்ஸ் (அவல்போலத் தட்டையாக அழுத்தியது) 300 கிராம். பாதாம், முந்திரி, வேர்க்கடலை மூன்றும் சேர்ந்து 120 கிராம். பூசணி விதையும் சூரியகாந்தி விதையுமாக 60 கிராம். உப்பு அரை டீஸ்பூன், பட்டைத் தூள் ஒரு டீஸ்பூன். முந்திரியை மட்டும் எடுத்து வைத்துவிட்டு, மற்றவற்றை அகலமான பாத்திரத்தில் கலந்துகொள்ளுங்கள். எண்ணெய் 60 மில்லி, தேன் 110 கிராம் இரண்டையும் லேசாகச் சூடாக்கி ஊற்றிப் பிசறுங்கள். உலர்ந்த ஓட்ஸ் ஒன்றுகூடக் கண்ணில் படக்கூடாது. உப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாத கிரனோலா வெறும் தித்திப்பாக இருக்கும்.

ஓவனை 150 டிகிரியில் 10 நிமிடம் முன்சூடு செய்து, நடுத்தட்டில் வையுங்கள். ட்ரேயில் பேக்கிங் பேப்பர் விரித்து, கலவையை ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பவேண்டும். சின்ன ஓடிஜியின் ட்ரே இந்த அளவுக்குப் போதாது, இரண்டு தடவையாகச் செய்யுங்கள். குவித்துப் போட்டால் அடியில் இருப்பது ஆவியிலேயே வெந்துவிடும், வறுபடாது. 15 நிமிடத்தில் முந்திரியைச் சேர்த்து ஒரு புரட்டு, மொத்தம் 30 முதல் 35 நிமிடம். எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும். பயந்து மறுபடி உள்ளே தள்ளாதீர்கள், ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும். நிறம் வெளிர் பொன்னிறமாக இருந்தால் போதும்.

கேள்வி (மாட்டுங்கா): ஜூலையில பண்ணினா மூணே நாள்ல நமுத்துப் போயிடறது. பெங்களூருல இருக்கற என் தங்கைக்கு வாரக்கணக்கா அப்படியே இருக்கு. அதே அளவுதான், அதே டப்பாதான்.

பதில்: மாமி, உங்கள் கைப்பக்குவத்தில் குறையில்லை. மும்பையில் மழைக்காலக் காற்றின் ஈரப்பதம் பல நாட்களில் 80 சதவீதத்தைத் தாண்டி நிற்கும். வறுத்த ஓட்ஸும் தேனும் அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதுவும் தேனில் ஃப்ரக்டோஸ் அதிகம், சர்க்கரைப் பாகைவிட வேகமாக இழுக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தேனில் பாதியைக் குறைத்து, அந்தப் பாதிக்குச் சர்க்கரையைக் கெட்டிப் பாகாக்கி ஊற்றுங்கள்.

அதைவிட முக்கியம் ஆறவைக்கும் இடம். சமையலறை மேடையில் ஒரு மணி நேரம் திறந்து வைத்தால், ஓவன் உலர்த்தியதைக் காற்று திருப்பிக் கொடுத்துவிடும். சொன்ன நேரத்துக்கு 4 நிமிடம் முன்பே ஓவனை அணைத்து, கதவில் ஒரு மரக்கரண்டியைச் செருகி விரலளவு திறந்துவைத்து, உள்ளேயே 45 நிமிடம் ஆறவிடுங்கள். மிச்சச் சூடு கடைசி ஈரத்தையும் விரட்டும். ஏசி அறை இருந்தால் அங்கேயும் ஆறவைக்கலாம்.

முழுக்க ஆறியபின் இறுக்கமான கண்ணாடி பாட்டிலில் போடுங்கள். வெதுவெதுப்பாக இருக்கும்போதே மூடினால் மூடிக்குள் வியர்த்துவிடும். ஒரே பெரிய பாட்டில் வேண்டாம். தினம் பத்துத் தடவை திறப்பீர்கள், ஒவ்வொரு தடவையும் ஈரக்காற்று உள்ளே போகும். நாலு நாளுக்கு ஒன்று என்று சின்ன பாட்டில்களாகப் பிரித்துவிடுங்கள். உலர் திராட்சை சேர்ப்பதானால் அதையும் தனியாக வையுங்கள், அதிலிருக்கும் ஈரம் மெல்ல ஓட்ஸுக்குள் இறங்கும். ஏற்கனவே நமுத்ததைத் தூக்கிப் போடவேண்டாம்: 120 டிகிரியில் 10 நிமிடம் காட்டி ஆறவிட்டால் திரும்பி வந்துவிடும்.

கேள்வி (முலுண்ட்): கடையில கிடைக்கிற மாதிரி கட்டி கட்டியா வரமாட்டேங்குது. உதிரி உதிரியா இருக்கு.

பதில்: கிளறிக்கொண்டே இருந்தால் கட்டி வராது. கட்டி வேண்டுமென்றால் ஒரு முட்டையின் வெள்ளைக்கருவை நுரைக்க அடித்துக் கலவையில் சேருங்கள். ட்ரேயில் பரப்பியதும் டபராவின் அடிப்பாகத்தால் அழுத்தி விடுங்கள். நடுவில் புரட்டவேண்டாம், ட்ரேயை மட்டும் முன்பின்னாகத் திருப்பி வையுங்கள். முழுக்க ஆறியபின் கையால் உடையுங்கள். முட்டை சேர்க்காத வீட்டில் 2 மேஜைக்கரண்டி ஓட்ஸைப் பொடித்துக் கலக்கலாம், தேனோடு சேர்ந்து பசைபோலப் பிடிக்கும்.

கேள்வி (நெருல்): முந்திரி கருகிப் போகுது, பாதாம் பச்சையாவே இருக்கு. திராட்சை கசக்குது.

பதில்: எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டிருப்பீர்கள். முழுப் பாதாமை இரண்டாக நறுக்கி முதலிலேயே போடுங்கள். முந்திரி பாதி நேரத்தில், எள்ளும் தேங்காய்த் துருவலும் கடைசி 8 நிமிடத்தில். திராட்சை, அத்தி, பேரீச்சை ஓவனுக்குள் போகவே கூடாது. முதலில் உப்பிப் பிறகு இறுகிக் கசந்துவிடும். ஆறியபின் 80 கிராம் கலந்தால் போதும்.

அடிப்பக்கம் மட்டும் கருகினால் காரணம் கறுப்பு ட்ரே. வெளிர் நிற அலுமினிய ட்ரேக்கு மாறுங்கள், அல்லது பேப்பரை இரட்டையாகப் போடுங்கள். ஓடிஜியின் திருகில் 150 என்று இருந்தாலும் உள்ளே அதே சூடு இருக்கும் என்று நம்பவேண்டாம், ஒரு ஓவன் தெர்மாமீட்டர் வாங்கி வைத்துப் பாருங்கள்.

கேள்வி (தாராவி): ஓவன் இல்லைங்க. கடாயில வருமா?

பதில்: தாராளமாக. அடிகனமான கடாய், சிறுதீ. பருப்புகளைத் தனியாக வறுத்து எடுத்துவிட்டு, 150 கிராம் ஓட்ஸை 8 முதல் 10 நிமிடம், வாசனை வரும்வரை வறுங்கள். அதையும் எடுத்து வைத்துவிட்டு, 50 கிராம் வெல்லத்தை ஒரு மேஜைக்கரண்டி தண்ணீரில் கரைத்து வடிகட்டி, கம்பிப் பதம் வரக் காய்ச்சுங்கள். 2 மேஜைக்கரண்டி நெய் விட்டு எல்லாவற்றையும் கொட்டி, 4, 5 நிமிடம் விடாமல் புரட்டி, நெய் தடவிய தட்டில் பரப்புங்கள். பதம் வராத வெல்லத் தண்ணீரை ஊற்றினால் ஓட்ஸ் அதைக் குடித்துக் களியாகிவிடும், பெரும்பாலும் கடாயில் கெடுவது இந்த இடத்தில்தான்.

கேள்வி (வாஷி): மைக்ரோவேவ் கன்வெக்‌ஷன்ல எத்தனை டிகிரி?

பதில்: 140. விசிறி இருப்பதால் 10 டிகிரி குறைவு. தாழ்வான ஸ்டாண்டில் வையுங்கள், 20 நிமிடத்திலிருந்து கண் வைத்திருங்கள்.

கேள்வி (செம்பூர்): ஓட்ஸே போடணுமா? அவல், சோளம் போட்டால் அதைக் கிரனோலான்னு சொல்லலாமா?

பதில்: சொல்லலாம். 1863-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கேலப் ஜாக்சன் செய்த ‘கிரானுலா’ தவிட்டோடு அரைத்த கோதுமை மாவில் செய்தது, அதில் ஓட்ஸே கிடையாது. கெட்டி அவலில் பாதி, ரோல்டு ஓட்ஸ் பாதி மிக நன்றாக வரும். அவல் சீக்கிரம் மொறுமொறுக்கும், அதனால் முந்திரியோடு சேர்த்து நடுவில் போடுங்கள். சோள ஃப்ளேக்ஸ், ராகி ஃப்ளேக்ஸுக்கும் அப்படியே. மெல்லிய அவல் வேண்டாம், நொறுங்கிவிடும். உடனடி ஓட்ஸும் வேண்டாம், தேன் பட்டதும் மாவாகும். ஸ்டீல் கட் ஓட்ஸ் (தட்டையாக்காமல் துண்டாக நறுக்கியது) பல்லை உடைக்கும்.

கேள்வி (முலுண்ட்): மாமியாருக்குச் சர்க்கரை இருக்கு. தேனுக்குப் பதில் வெல்லம் போட்டா சாப்பிடலாமா?

பதில்: இல்லையம்மா, வெல்லமும் சர்க்கரைதான், தேனும் சர்க்கரைதான். மேலே சொன்ன அளவில் 40 கிராம் கிரனோலாவில் 6, 7 கிராம் தேன் இருக்கும், திராட்சையின் இனிப்பு வேறு. அவருக்கென்று தனியாக, இனிப்பை 40 கிராமாகக் குறைத்து, வெள்ளைக்கரு சேர்த்து, திராட்சை இல்லாமல் செய்யுங்கள். 30 கிராமை எடைபோட்டுத் தயிரோடு கொடுங்கள், கிண்ணத்தில் கண்ணளவாகக் கொட்டினால் எளிதில் இரண்டு மடங்காகிவிடும். அவருடைய டாக்டரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (மாட்டுங்கா): பத்து மாசப் பேரனுக்கு பாலில் ஊறவச்சுத் தரலாமா?

பதில்: கூடாது மாமி. ஒரு வயது முடியும்வரை தேனே ஆகாது, பச்சிளம் குழந்தைகளுக்கு பாட்டுலிசம் என்ற கடுமையான நோய் வரக்கூடும். அடுப்பில் சூடாக்கினாலும் அதன் கிருமி வித்துகள் சாகாது. முழுப் பருப்புத் துண்டுகள் தொண்டையில் அடைக்கும் அபாயமும் இருக்கிறது. வெறும் ஓட்ஸைக் கஞ்சியாகக் காய்ச்சிக் கொடுங்கள்.