மாதம் ஆயிரம் ரூபாய் ஒரு கிராமத்துக் குடும்பத்தில் எதை மாற்றிவிடும்?

அரசு பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாயை எந்த நிபந்தனையும் இல்லாமல் கையில் கொடுத்தால் அது டாஸ்மாக் கடைக்குத்தானே போகும் என்றும், ஆயிரம் ரூபாயில் யாருடைய வறுமை தீர்ந்துவிட்டது என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒன்றாம் தேதி சம்பளம் வாங்கி, அதற்கு வரியும் கட்டுகிற ஒருவரின் கேள்வியாக இது எனக்குப் படுகிறது. நானும் இன்று மாதச் சம்பளக்காரிதான். ஆனால் திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பக்கம் கொஞ்சம் மானாவாரி நிலமும் சில ஆடுகளும் வைத்துப் பிழைக்கிற வீட்டில் பிறந்தவள்; என் அம்மா அந்த ஆயிரத்தை, கலைஞர் மகளிர் உரிமைத் தொகையை, வாங்குகிறார். எந்தக் கட்சிக்காகவும் இதை எழுதவில்லை. எங்கள் வீட்டில் கண்டதைச் சொல்கிறேன்.

இந்தத் திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. தொடக்கத்திலேயே ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்குப் பணம் சென்றது. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக்கூடாது, நன்செய் ஐந்து ஏக்கருக்கும் புன்செய் பத்து ஏக்கருக்கும் மேல் இருக்கக்கூடாது, ஆண்டுக்கு 3600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவழித்திருக்கக்கூடாது என்று தகுதிக்கு வரம்புகள் உண்டு. கிடைத்த பணத்தை எதற்குச் செலவழித்தாய் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. நீங்கள் குறையாகச் சொல்வது இதைத்தான். அம்மாவுக்கு உதவியதும் இதுதான்.

எங்கள் வீட்டில் வருமானமே இல்லாமல் இருந்ததில்லை. அது எந்தத் தேதியில் வரும் என்பதுதான் ஒருபோதும் தெரிந்ததில்லை. மல்லாட்டை (நிலக்கடலை) விளைந்தால் ஆண்டுக்கு ஒரு முறை பணம் வரும், மழை பொய்த்தால் அதுவும் இல்லை. நூறு நாள் வேலைக்குப் போனால் கூலி உண்டு, ஆனால் அது கணக்கில் ஏறும் நாளை யாரும் சொல்ல முடியாது; 2024 கடைசியில் செய்த வேலைக்கான கூலி மாநிலம் முழுவதும் மாதக்கணக்கில் நின்றுபோனது செய்தித்தாள் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட வீட்டில் அரிசி ரேஷனில் வந்துவிடும். பருப்பு, எண்ணெய், சோப்பு எல்லாம் கடை நோட்டில் எழுதித்தான் வரும்.

அந்த நோட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கடைக்காரர் நல்லவர், எத்தனையோ முறை கடன் கொடுத்துக் காப்பாற்றியவர். இருந்தாலும் பாக்கி வைத்திருக்கிறவர் பருப்பில் வண்டு இருக்கிறது என்று சொல்ல முடியாது, இந்த விலை அதிகம் என்று கேட்க முடியாது, பேருந்து ஏறிச் செங்கத்துக்குப் போய் மொத்தமாக வாங்கி வந்தால் கடைக்காரர் முகத்தில் விழிக்க முடியாது. எண்ணெயைப் பத்து ரூபாய்க்கும் இருபது ரூபாய்க்கும் வாங்குகிறவர், லிட்டராக வாங்குகிறவரைவிட அதிக விலைதான் கொடுக்கிறார். ஏழையாக இருப்பதற்கே ஒரு கூடுதல் செலவு உண்டு என்பது அப்படி இருந்தவர்களுக்குத்தான் தெரியும். மாதம் பதினைந்தாம் தேதி வாக்கில் உரிமைத் தொகை வரத் தொடங்கிய பிறகு அம்மா முதலில் அந்தப் பழைய பாக்கியைச் சிறிது சிறிதாக அடைத்தார். இப்போது மாதத்தின் நடுவில், மகளிர் கட்டணமில்லாப் பேருந்தில் போய் எண்ணெயும் பருப்பும் மாதத்துக்குமாகச் சேர்த்து வாங்கி வந்துவிடுகிறார். அரிசியும் பேருந்தும் இலவசமாக இல்லாதிருந்தால் இந்த ஆயிரம் அவற்றிலேயே கரைந்திருக்கும் என்பதையும் நான் மறுக்கவில்லை.

இதைவிடப் பெரிய மாற்றம் ஆடுகளில் நடந்தது. பணம் எப்போது முடைப்படும் என்று எங்களைவிட ஆட்டு வியாபாரிக்கு நன்றாகத் தெரியும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நேரத்தில், அண்ணன் பிள்ளைகளுக்கு நோட்டும் பையும் வாங்க வேண்டிய அவசரத்தில், இன்னும் முழுதாக வளராத கிடாவை அவர் கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுவதே எங்கள் வீட்டு வழக்கம். அடுத்து வரும் ஆடியில் குலதெய்வப் படையலுக்கும், அதன்பின் தீபாவளிக்கும் கிடா விலை ஏறும் என்று தெரிந்தும் காத்திருக்க வழி இருக்காது. சென்ற ஆண்டு ஜூனில் நான் ஊரில் இருந்தபோது அதே வியாபாரி வாசலில் வந்து நின்று, கிடாவின் முதுகைத் தடவி எடை பார்த்துவிட்டு விலை சொன்னார். அம்மா கழுநீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டே, “பதினஞ்சாம் தேதி பணம் வந்துடும், அதுக்குள்ள கெடாவ குடுக்க வேணாம். நீங்க ஆடிக்கு வாங்க” என்று சொல்லி அனுப்பினார். வியாபாரியிடம் அம்மா அப்படிப் பேசி நான் அதற்குமுன் கேட்டதில்லை. கிடா ஆடியில்தான் விலைபோனது. அதில் கூடுதலாகக் கிடைத்தது உரிமைத் தொகையைவிடப் பெரிய தொகை. அது எந்த அரசாங்கக் கணக்கிலும் ஏறாது.

நீ சம்பாதிக்கிறாயே, நீ அனுப்பக்கூடாதா என்று சிலர் கேட்கலாம். அனுப்புகிறேன். அது அப்பாவின் கணக்குக்குப் போகும்; உழவுக்கும் உரத்துக்கும் வட்டிக்கும் போய்ச் சேரும். அதில் தனக்கென்று ஒரு ரூபாய் கேட்க அம்மாவுக்கு வாய் வராது, கட்டிக்கொடுத்த மகளிடம் நேராகக் கைநீட்டுவதும் அவருக்கு ஆகாது. தன் பெயரில், தன் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்து சேரும் பணம் வேறு.

டாஸ்மாக் கேள்விக்கு வருகிறேன். என் அப்பா குடிப்பவர். உரிமைத் தொகை வந்ததால் அவர் குடி நிற்கவில்லை, கூடவும் இல்லை. அவர் குடிப்பது அவருடைய கூலியில். எங்கள் வீட்டை மட்டும் வைத்து நான் பேசவில்லை. மத்தியப் பிரதேசத்தில் சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பு, யூனிசெஃப் நிதியுதவியுடன் 2011 முதல் சில கிராமங்களில் பெரியவர்களுக்கு மாதம் 200 ரூபாயும் குழந்தைகளுக்கு 100 ரூபாயும் நிபந்தனையின்றிக் கொடுத்து, பிறகு அதை 300, 150 என்று உயர்த்திப் பார்த்தது. அங்கே மதுச் செலவு கூடவில்லை. பழங்குடிக் கிராமத்தில், கூலிக்குப் போனவர்கள் விதையும் உரமும் வாங்கித் தங்கள் சொந்த நிலத்தில் கூடுதலாக உழைத்தார்கள். கென்யாவில் கிவ்டைரக்ட்லி என்ற தொண்டு அமைப்பு எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவை வழியாகக் கொடுத்த பணத்தை ஆராய்ந்தவர்களும் குடிக்கும் புகைக்கும் செலவு கூடியதாகக் காணவில்லை. பலர் கூரையைப் பிரித்துவிட்டுத் தகரம் வேய்ந்தார்கள். பணம் கையில் கிடைத்தால் ஏழை கெட்டுப்போவான் என்று நினைப்பவர்கள், தங்கள் தீபாவளி போனஸைப் பற்றி ஏன் அப்படி நினைப்பதில்லை என்று எனக்குப் புரியவில்லை.

குறை இல்லாமல் இல்லை. முதல் மாதத் தொகையில் ஒரு பகுதியை, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சொல்லி வங்கி பிடித்துக்கொண்டது. நான் நேரில் போய்ச் சண்டை போட்ட பிறகே அது திரும்பி வந்தது. அப்படிச் சண்டை போட ஆள் இல்லாத வீடுகள் எத்தனையோ. இன்றும் எங்கள் ஊரில் கைரேகை வைத்துப் பணம் எடுத்துக் கொடுப்பவர் ஒவ்வொரு முறையும் இருபது ரூபாய் எடுத்துக்கொள்கிறார். ஆயிரத்தில் இருபது சிறிய தொகை என்று சொல்கிறவர் அந்த ஆயிரத்துக்காகக் காத்திருந்ததில்லை. அம்மா மகளிர் சுயஉதவிக் குழுவில் வாங்கிய கடன் தவணையும் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதை அடைக்க இந்தத் தொகை போதாது. விலைவாசி ஏறிக்கொண்டே போக, தொகை ஆயிரத்திலேயே நின்றால் எண்ணெய்க் கணக்கு மறுபடியும் நோட்டுக்குப் போய்விடும் என்ற கவலையும் எனக்கு உண்டு.

ஒரு குடும்ப அட்டைக்கு ஒரு பெண் என்பதால் எங்கள் அண்ணிக்கு எதுவும் கிடையாது. ஆடு மேய்ப்பது முதல் அடுப்பு வரை அந்த வீட்டின் பாதி வேலை அவருடையது. அவர் பெயரும் அம்மாவின் அட்டையில்தான் இருக்கிறது. அம்மா மாதாமாதம் அவர் கையில் இருநூறு ரூபாய் கொடுக்கிறார், அண்ணி அதை மகளின் பெயரில் அஞ்சலகத்தில் போட்டு வருகிறார். மாமியாருக்கு அந்த மனம் இல்லாத வீடுகளில் மருமகள்களின் நிலை என்ன என்று நீங்கள் கேட்டிருந்தால், என்னிடம் நல்ல பதில் இருந்திருக்காது.