எந்த உப்பைச் சோதித்தாலும் குளோரைடு வருவது ஏன்?

கேள்வி: தண்டையார்பேட்டையில் ஒரு டியூஷன் மையத்தில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு வேதியியல் செய்முறை கற்றுத்தருகிறேன். ஜிங்க் சல்பேட், லெட் நைட்ரேட் என எதைக் கொடுத்தாலும், சில்வர் நைட்ரேட் சேர்த்ததும் கரைசல் வெண்மையாகக் கலங்கிவிடுகிறது. மாணவர்களும் குளோரைடு என்றே எழுதுகிறார்கள். உப்பில் கலப்படமா, செய்முறையில் தவறா?

பதில்: உப்பைச் சந்தேகிப்பதற்கு முன்னால் நீங்கள் பயன்படுத்தும் தண்ணீரைச் சந்தேகியுங்கள். சில்வர் நைட்ரேட் குளோரைடோடு சேர்ந்தால் வெண்ணிறச் சில்வர் குளோரைடு உருவாகும். அது ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 2 மில்லிகிராம்தான் கரையும் என்பதால், மிகச் சிறிதளவு குளோரைடு இருந்தாலே கரைசல் கலங்கத் தொடங்கும். குடிநீரிலோ லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை குளோரைடு இருப்பதை இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஏற்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1000 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது. ஆகவே குடிக்க நல்ல தண்ணீர் இந்தச் சோதனைக்கு நல்ல தண்ணீர் ஆகிவிடாது. கடலோரத்துப் போர் தண்ணீர் உவர்ப்பாகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கேன் தண்ணீரும் உதவாது; அதிலும் கரைந்த உப்புகள் மிச்சமிருக்கும்.

இதை உறுதி செய்ய வெற்றுச் சோதனை ஒன்றே போதும். உப்பை மட்டும் விட்டுவிட்டு, அதே தண்ணீரில், வழக்கமாக உப்போடு சேர்க்கும் அதே சோடியம் கார்பனேட்டைப் போட்டுக் கொதிக்கவைத்து வடிகட்டி, நுரைத்தல் நிற்கும் வரை நீர்த்த நைட்ரிக் அமிலம் சேர்த்து, அதன்பின் சில்வர் நைட்ரேட்டை விடுங்கள். அதுவும் கலங்கினால் குற்றம் தண்ணீரிலோ, சோதனைக்குச் சேர்க்கும் வேதிப்பொருளான கரணியிலோதான். இதே சோதனையை வாலை வடிநீரில் (டிஸ்டில்டு வாட்டர்) திரும்பச் செய்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும். பேட்டரிக்கு ஊற்ற விற்கும் நீரையும் இப்படிச் சோதித்து, தெளிவாக இருந்தால் தயங்காமல் பயன்படுத்தலாம். குழாய்த் தண்ணீரில் கழுவிய சோதனைக் குழாய்களை அந்த நீரில் ஒருமுறை அலசிய பிறகே எடுக்க வேண்டும். ஒவ்வொரு மாணவரும் வெற்றுச் சோதனையைத் தம் கையாலேயே செய்து பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அமிலத்தையும் கவனியுங்கள். நைட்ரிக் அமிலத்துக்குப் பதிலாக ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றிவிட்டால், எந்த உப்பாக இருந்தாலும் குளோரைடு வந்தே தீரும். அமிலம் போதாமல் போனால் சில்வர் கார்பனேட் வீழ்படிவாகி, அதாவது கரையாத திடப்பொருளாகப் பிரிந்து, ஏமாற்றும். உண்மையான குளோரைடு உப்பு வெறும் கலங்கலோடு நிற்காது. தயிர் போன்ற கெட்டியான வெண்ணிற வீழ்படிவைத் தரும்; அந்த வீழ்படிவு அம்மோனியம் ஹைட்ராக்சைடில் முழுவதும் கரையும். ஆனால் தண்ணீரிலிருந்து வந்த சில்வர் குளோரைடும் அதில் கரையும் என்பதால், கரைவதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

இங்கேதான் குரோமைல் குளோரைடு சோதனை கைகொடுக்கிறது. உலர்ந்த குழாயில் திட உப்பையே எடுத்துப் பொட்டாசியம் டைகுரோமேட்டும் அடர் கந்தக அமிலமும் சேர்த்துச் சூடாக்குவதால், தண்ணீரின் குளோரைடு இதில் குறுக்கிடுவதில்லை. செம்பழுப்பு ஆவி எழுந்ததும் குளோரைடு என்று முடிவு கட்டிவிட வேண்டாம். உங்கள் லெட் நைட்ரேட்டும் நைட்ரஜன் டைஆக்சைடின் பழுப்பு ஆவியைத் தரும். ஆவியைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் செலுத்தும்போது கரைசல் மஞ்சளாகி, அசிட்டிக் அமிலமும் லெட் அசிட்டேட்டும் சேர்த்ததும் மஞ்சள் வீழ்படிவு வந்தால்தான் அது குளோரைடு. டைகுரோமேட் நச்சுப்பொருள்; அடர் அமிலமோ தோலைச் சுட்டுவிடும். எனவே மிகச் சிறிய அளவில், காற்றோட்டமான இடத்தில், உங்கள் கண்முன்னே மட்டும் இதைச் செய்ய விடுங்கள்.

தண்ணீரின் தொல்லை குளோரைடோடு நிற்பதில்லை. அதிலுள்ள சல்பேட் பேரியம் குளோரைடுடன் வெண்மையைக் காட்டும். கடின நீரின் கால்சியம் அம்மோனியம் ஆக்சலேட்டுடன் வீழ்படிவாகும். லெட் நைட்ரேட் நீரில் நன்றாகக் கரையும் உப்பு என்றாலும், கார்பனேட்டும் சல்பேட்டும் உள்ள தண்ணீரில் போட்டவுடன் பால் நிறமாகிவிடும். அதைக் கண்டு மாணவர் ‘நீரில் கரையாது’ என்று எழுதினால், முதல் படியிலேயே பகுப்பாய்வு தடம் மாறிவிடும்.