தோட்டம் கேள்வி பதில்: மஞ்சளாக இருந்தால் முற்றிவிட்டதா?

மஞ்சள் பீன்ஸ் பற்றியே கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. வாக்ஸ் பீன்ஸ் என்று விதைப் பொட்டலத்தில் போட்டிருப்பதும் இதேதான். இந்தத் தடவை முழுக்க இதையே பார்த்துவிடுவோம்.

கேள்வி: முதல் தடவையாக மஞ்சள் பீன்ஸ் போட்டிருக்கிறேன். காய் விரல் நீளம்கூட வரவில்லை, அதற்குள் மஞ்சளாகிவிட்டது. முற்றிவிட்டதா, இல்லை நோயா? எப்போதுதான் பறிப்பது?

முற்றவும் இல்லை, நோயும் இல்லை. அதன் நிறமே அதுதான். பச்சை பீன்ஸும் மஞ்சள் பீன்ஸும் ஒரே இனம். மஞ்சள் ரகத்தில் காயின் தோலில் பச்சையம் தங்காது, அவ்வளவுதான் வித்தியாசம். இலை வழக்கம்போல் பச்சையாகவே இருப்பதால் செடிக்கு எந்தக் குறையும் கிடையாது. சில ரகங்களில் பிஞ்சு லேசான பச்சை கலந்து வந்து நீள நீள மஞ்சளாகும், சிலவற்றில் நுனி மட்டும் கடைசிவரை பச்சையாக நிற்கும். அதனால் இந்தக் காயில் நிறத்தை வைத்துப் பக்குவம் சொல்ல முடியாது. பிஞ்சும் மஞ்சள், முற்றலும் மஞ்சள். இன்னும் நல்ல மஞ்சள் ஏறட்டும் என்று காத்திருப்பவர்களுக்குக் கடைசியில் கிடைப்பது நார்தான்.

கையால் தொட்டுப் பாருங்கள். காய் பென்சில் கனம் வந்திருக்க வேண்டும், நீளம் ரகத்தைப் பொறுத்து 10 முதல் 15 செ.மீ. இருக்கும். விரலால் காய் நெடுகத் தடவினால் வழவழவென்று ஒரே சீராக இருக்க வேண்டும். உள்ளே விதை மேடு மேடாகத் தட்டுப்பட்டால் கொஞ்சம் தாமதித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். சந்தேகம் வந்தால் ஒன்றைப் பறித்து நடுவில் ஒடியுங்கள். படக்கென்று ஒடிந்து ஒடித்த இடத்தில் ஈரம் துளிர்த்தால் சரியான பக்குவம், வளைந்து மடங்கினால் ஒன்று முற்றல், இல்லை செடி தண்ணீருக்குத் தவிக்கிறது.

பூ பூத்து ஒன்று, ஒன்றரை வாரத்தில் காய் பறிக்கும் அளவுக்கு வந்துவிடும், வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். காய்ப்பு பிடித்த பிறகு ஒருநாள் விட்டு ஒருநாளாவது செடிப் பக்கம் போய்விடுங்கள். நாலைந்து காய் முற்ற விட்டால்கூடச் செடி விதை உருவாக்குவதில் இறங்கிவிடும், புதுப் பூ குறையும். தப்பிப்போய் முற்றிய காயையும் செடியிலேயே விட்டுவைக்காமல் பறித்துப் போடுங்கள். பறிக்கும்போது ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் காம்போடு கிள்ளுங்கள், வெடுக்கென்று இழுத்தால் காயோடு சேர்ந்து பூங்கொத்தும் வந்துவிடும், சில நேரம் கிளையே வந்துவிடும். ஒன்று சொல்ல வேண்டும், பச்சை பீன்ஸ் இலைக்குள் ஒளிந்துகொண்டு முற்றிப்போகும், மஞ்சள் பீன்ஸ் அந்தக் கண்ணாமூச்சி ஆடாது. புதிதாகத் தோட்டம் போடுகிறவர்களுக்கு நான் இதைச் சிபாரிசு செய்வதற்கு முக்கியக் காரணமே அதுதான்.

கேள்வி: விதையை இரவு முழுக்க ஊறவைத்துத்தான் நட்டேன். பாதிக்கு மேல் முளைக்கவே இல்லை, தோண்டிப் பார்த்தால் கூழாகக் கிடக்கிறது. விதை கெட்டதா?

விதை நன்றாகவே இருந்திருக்கலாம், ஊறவைத்ததில்தான் சந்தேகம். காய்ந்த பீன்ஸ் விதை தண்ணீரை வேகமாக உறிஞ்சும்போது உள்ளே இருக்கும் பருப்பு விரிசல் விடும், அங்கிருந்து அழுகல் ஆரம்பிக்கும். தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தால் இன்னும் மோசம். ஊறவைக்கவே வேண்டாம். மண்ணை முதல் நாளே நனைத்து வைத்து, மறுநாள் ஈரமாக மட்டும் இருக்கும் மண்ணில் காய்ந்த விதையை 3 செ.மீ. ஆழத்தில் போட்டு மூடுங்கள். முளைக்கும்வரை மண் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும், சொதசொதவென்று ஊற்ற வேண்டாம்.

அப்புறம் மண்ணின் சூடு. 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் விதை முளைப்பதை விட அழுகுவதற்கே வாய்ப்பு அதிகம். 20-க்கு மேல் இருந்தால் ஒரு வாரம், பத்து நாளில் தலை காட்டிவிடும். பீன்ஸ் முளைக்கும்போது இரண்டு பருப்பையும் தலையில் தூக்கிக்கொண்டு வளைந்த கழுத்தோடு மண்ணை முட்டித்தான் மேலே வரும். மேல்மண் இறுகி ஓடு கட்டியிருந்தால் கழுத்து ஒடிந்து மொட்டையாக நிற்கும், அது தேறாது. எனவே விதைக்கு மேலே மட்டும் மட்கிய உரம் கலந்த பொலபொலப்பான மண்ணைப் போடுங்கள். நாற்று விட்டுப் பிடுங்கி நடுகிற வேலையும் வேண்டாம், வேர் அசைந்தால் பீன்ஸுக்குப் பிடிக்காது.

கேள்வி: செடி தளதளவென்று இருக்கிறது, காய் மட்டும் இல்லை. தூரிகையால் பூவைத் தடவி மகரந்தச் சேர்க்கை செய்ய வேண்டுமா?

வேண்டாம். பீன்ஸ் பூ விரிவதற்குள்ளேயே தன் வேலையைத் தானே முடித்துக்கொள்ளும்.

பூவே வரவில்லையா, வந்த பூ உதிர்கிறதா என்று முதலில் கவனியுங்கள், இரண்டும் வேறு வேறு. இலை கரும்பச்சையாக அடர்ந்து நின்று பூவே இல்லை என்றால் தழைச்சத்து கூடிப்போயிருக்கும். இதன் வேரில் பாக்டீரியா முடிச்சுகள் உண்டு, காற்றிலிருந்து கொஞ்சம் தழைச்சத்தை அதுவே பிடித்துக்கொடுக்கும். (மற்ற பயறு வகைகளோடு ஒப்பிட்டால் பீன்ஸ் இதில் கொஞ்சம் சோம்பேறிதான், ஆனால் வீட்டுத் தோட்டத்துக்குப் போதும்.) நடும்போது மட்கிய தொழு உரம் கலந்திருந்தால் அதுவே போதும், வாராவாரம் யூரியா கரைத்து ஊற்றினால் இலைதான் வளரும். ஆறிலிருந்து எட்டு மணி நேரம் நேரடி வெயில் படாத இடம் என்றாலும் பூ குறையும்.

பூ வந்து உதிர்கிறது என்றால் வெப்பம், இல்லாவிட்டால் வேரில் வறட்சி. பகல் 32 டிகிரியைத் தாண்டி இரவும் புழுக்கமாக இருக்கும் நாட்களில் பூ தானாகக் கொட்டும், அதற்கு மருந்து கிடையாது. செடியின் அடிமண்ணில் காய்ந்த இலையோ வைக்கோலோ பரப்பி மூடாக்குப் போட்டு, காலையில் வேர்வரை இறங்கும்படி தண்ணீர் விட்டு, செடியைக் காப்பாற்றி வையுங்கள். வெப்பம் தணிந்ததும் அதே செடி மறுபடி பூக்கும். பூ பிஞ்சாகிற நாட்களில் ஒரு நாள் காயப்போட்டு மறுநாள் வெள்ளமாக விடுவதுதான் காய் கோணல்மாணலாக வருவதற்கும் காரணம்.

கேள்வி: காயோடு இலையும் மஞ்சளாகிறது. இதுவும் ரகத்தின் குணமா?

இல்லை. இந்த ரகத்தில் காய்க்குத்தான் மஞ்சள் அழகு, இலைக்கு ஆகாது. அடியிலை ஒன்றிரண்டு மட்டும் மஞ்சளானால் வயதாகிவிட்டது, விடுங்கள். செடி முழுக்க வெளிறினால் முதலில் தொட்டியின் அடி ஓட்டையைப் பாருங்கள், பெரும்பாலும் தண்ணீர் தேங்கியிருக்கும். இலையில் பொடிப்பொடியாக வெளிறிய புள்ளி இருந்தால் இலைக்கு அடியில் வெள்ளைத் தாளை வைத்துத் தட்டுங்கள், தூசி மாதிரி விழுந்தது நகர்ந்தால் அது சிவப்புச் சிலந்திப் பேன். வறண்ட சூட்டில் வரும். இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும், மீதிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல், அதையும் வெயில் தாழ்ந்த பிறகு.

பச்சையும் வெளிர் பச்சையும் திட்டுத்திட்டாகக் கலந்து இலை சுருங்கினால் மொசைக் நச்சுயிரி. அசுவினி என்ற சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சி பரப்பும், விதை வழியாகவும் வரும். குணமாகாது, பிடுங்கிவிடுங்கள். எப்படி இருந்தாலும் இலை ஈரமாக இருக்கும்போது செடியைத் தொடாதீர்கள், காயும் பறிக்காதீர்கள். துரு நோயும் பாக்டீரியா கருகலும் நம் கை வழியாகவே அடுத்த செடிக்குப் போகும்.

கேள்வி: செடி பீன்ஸா, கொடி பீன்ஸா, எது நல்லது?

இடம் குறைவு, தொட்டியில்தான் என்றால் செடி. 50, 60 நாளில் பறிக்கலாம், ஆனால் இரண்டு மூன்று வாரத்தில் காய்ப்பு ஓய்ந்துவிடும், அதனால் மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் விதை போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கொடிக்கு ஒன்றிரண்டு வாரம் அதிகம் ஆகும், இரண்டு மீட்டர் உயரப் பந்தலோ குச்சியோ வேண்டும், ஆனால் நீண்ட நாள் காய்க்கும். செடி ரகத்தில் செரோக்கி வாக்ஸ் பழைய பெயர், 1948-லேயே அமெரிக்காவில் விதைத் தேர்வில் விருது வாங்கியது. கொடி வேண்டுமானால் கென்டக்கி வொண்டர் வாக்ஸ். செடிக்குச் செடி 10 செ.மீ. விடுங்கள், கொடிக்கு 15.

கேள்வி: பறித்ததைக் கழுவி ஃப்ரிட்ஜில் வைத்தேன், துருப்பிடித்த மாதிரிப் புள்ளி வருகிறது. சாப்பிடலாமா? பச்சையாகக் கடித்தால் சத்து அதிகமாமே?

பீன்ஸுக்குக் கடுங்குளிர் ஒத்துக்கொள்ளாது, 5 டிகிரிக்குக் கீழே சில நாள் இருந்தால் அந்தப் புள்ளி வரும், மஞ்சள் தோலில் பளிச்சென்று தெரியும். புள்ளி மட்டும்தான் என்றால் உடனே சமைத்துவிடலாம், வழவழப்போ வாடையோ இருந்தால் குப்பைக்கு. கழுவாமல், ஓட்டை போட்ட பையில், காய்கறித் தட்டில் வையுங்கள், சமைக்கும்போது கழுவினால் போதும். நிறையக் காய்த்துவிட்டால் கொதிநீரில் 3 நிமிடம் போட்டு எடுத்து, ஐஸ் தண்ணீரில் ஆறவைத்து, ஈரம் துடைத்து ஃப்ரீசரில் வைக்கலாம்.

பச்சையாகச் சாப்பிட வேண்டாம். பீன்ஸ் இனத்தில் லெக்டின் என்ற புரதம் உண்டு, வயிற்றைப் புரட்டும், வேகவைத்தால் செயலிழந்துவிடும். முற்றிய விதையில்தான் இது அதிகம், இருந்தாலும் காயையும் வேகவைத்தே சாப்பிடுங்கள். இன்னொன்று, மஞ்சள் நிறத்தைப் பார்த்து வைட்டமின் ஏ கொட்டிக்கிடக்கும் என்று நினைக்கிறார்கள், உண்மையில் பச்சை பீன்ஸில்தான் அது அதிகம்.

கேள்வி: அடுத்த பருவத்துக்கு விதை எடுக்கலாமா?

தாராளமாக. தன் மகரந்தச் சேர்க்கை என்பதால் பெரும்பாலும் தாய்ச் செடி மாதிரியே வரும், பக்கத்தில் வேறு ரகம் இருந்தால் சில மீட்டர் தள்ளி நட்டுக்கொள்ளுங்கள். நோயில்லாத செடி ஒன்றிரண்டை ஆரம்பத்திலேயே ஒதுக்கி நூல் கட்டிவிடுங்கள், காய்ந்த பிறகு எல்லா ரகமும் ஒரே பழுப்பு, அடையாளம் தெரியாது. காய் செடியிலேயே காய்ந்து, ஆட்டினால் கலகலவென்று சத்தம் வர வேண்டும். உரித்து நிழலில் உலர்த்தி, நகத்தால் அழுத்தினால் தடம் விழாத அளவு ஆனதும் இறுக்கமான டப்பாவில் போட்டு ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் உள்ளே இருக்கும் வண்டு முட்டைகள் செத்துவிடும். விதை சரியாகக் காயாமல் வைத்தால் முட்டையோடு சேர்ந்து விதையும் செத்துவிடும். வெளியே எடுத்த டப்பாவை உடனே திறக்காமல், அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள்.