பதில்: பில்லிங் மென்பொருளோடு மைஎஸ்க்யூஎல்லையும் சேர்த்து டீலர்களுக்குக் கொடுக்கலாமா?

ஜாவாவில் எழுதிய பில்லிங் மென்பொருளை மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தோடு ஒரே இன்ஸ்டாலரில் போட்டு டீலர்களுக்குக் கொடுத்தால், உங்கள் மூலநிரலைத் திறக்க வேண்டி வருமா என்பதுதானே கேள்வி? மைஎஸ்க்யூஎல்லின் இலவசப் பதிப்புக்கு ஜிபிஎல் 2 உரிமம்; பிரதி கொடுத்தால் மூலநிரலையும் தரச் சொல்லும் உரிமம் அது. உங்கள் சர்வரிலேயே ஓட்டினால் அந்தத் தொந்தரவு இல்லை. பிரதி கைமாறும்போதுதான் வில்லங்கம். அதுவும் மைஎஸ்க்யூஎல் சர்வரைவிட, உங்கள் நிரலோடு ஒட்டிப் போகும் கனெக்டர் ஜார் கோப்பில்தான் (ஜாவா நிரலைத் தரவுத்தளத்தோடு இணைப்பது அதுதான்). மைஎஸ்க்யூஎல்லின் உரிமையாளரான ஆரக்கிள் தரும் கனெக்டரும் ஜிபிஎல்; அதிலுள்ள விலக்கு திறமூல மென்பொருளுக்கு மட்டும். காசு கொடுத்து வணிக உரிமம் வாங்கலாம். நானாக இருந்தால், மைஎஸ்க்யூஎல்லிலிருந்து பிரிந்த மரியாடிபியின் கனெக்டருக்கு மாறிவிடுவேன், அது எல்ஜிபிஎல்: உங்கள் நிரலைத் திறக்கச் சொல்லாத தளர்வான உரிமம். சர்வரைத் தனி இன்ஸ்டாலராக, உரிமக் கோப்பும் அதன் மூலநிரலும் சேர்த்துக் கொடுங்கள். அப்புறம், டீலரும் பிரதி கொடுப்பவர்தான். அந்தக் கோப்புகளை அவர் உருவிவிடக் கூடாது. புதிதாகத் தொடங்குவதென்றால் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் தரவுத்தளம் நிம்மதி: பதிப்புரிமை அறிவிப்பையும் உரிம வாசகத்தையும் கூடவே வைத்தால் போதும்.