கைவிடப்பட்ட விளையாட்டுக்கு இசையமைத்தேன். இசை யாருக்குச் சொந்தம்?

கேள்வி: சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கும் சுயதொழில் இசையமைப்பாளர் நான். உள்ளூர் நிறுவனம் ஒன்று தன் வீடியோ விளையாட்டின் இரண்டாம் பாகத்துக்காக 2024இல் என்னிடம் 14 இசைத்துண்டுகள் கேட்டது. மூன்று, முதல் பாகத்தின் முகப்பு இசையை ஒட்டியவை. அதை அமைத்தவர் வேறொருவர். என் செலவில் வீட்டிலேயே பதிவுசெய்தேன். நண்பர் நாதஸ்வரம் வாசித்தார். எல்லாவற்றையும் ஒப்படைத்த பின் விளையாட்டைக் கைவிட்டுவிட்டார்கள். கடைசித் தவணை 6,400 வெள்ளி வரவில்லை. இசையை நான் வெளியிடவும் கூடாதாம். ஒப்பந்தத்தில் ரகசியக் காப்பு விதி உண்டு. பதிப்புரிமை பற்றி ஒரு வரிகூட இல்லை.

பதில்: அந்த இல்லாத வரியைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குச் சாதகமானதே அதுதான். 2021 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியர் தம் வேலையின் பகுதியாகப் படைப்பது முதலாளிக்குச் சொந்தம். சுயதொழில் செய்பவர் படைப்பதோ, வேறுவிதமாக எழுதிக்கொள்ளாதவரை, அவருக்கே. பழைய சட்டத்தில், காசு கொடுத்து ஒலிப்பதிவு செய்யச் சொன்னவரிடமே அந்தப் பதிவின் உரிமை போய்ச் சேர்ந்தது. புதிய சட்டம் அதைத் திருப்பிப் போட்டுவிட்டது. உங்கள் ஒப்பந்தம் 2024ஆம் ஆண்டினது என்பது நல்ல காலம். உரிமையைக் கைமாற்றக் கையொப்பமிட்ட எழுத்து வேண்டும். தவணை வாங்கியது மட்டும் கைமாற்றம் ஆகாது.

விளையாட்டில் பயன்படுத்த மறைமுக அனுமதி உண்டு என்று எதிர்த்தரப்பு சொல்லும். அது நியாயம்தான். ஆனால் அனுமதி வேறு, உடைமை வேறு.

அந்த மூன்று துண்டுகளை மட்டும் தொடாதீர்கள். இரண்டாம் பாகம் நின்றுபோனாலும் முதல் பாகத்தின் இசைக்கான உரிமை அப்படியே இருக்கிறது. மீதிப் பதினொன்றுக்கு நண்பரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்; வாசித்தவருக்கும் சட்டம் தனி உரிமை தருகிறது. நட்பு பெரிதுதான், எழுத்து அதைவிடப் பத்திரம்.

எனக்குக் கவலை தருவது ரகசியக் காப்பு விதிதான். விளையாட்டு கைவிடப்பட்டதால் அது தானாகக் காலாவதியாவதில்லை. பாத்திரப் பெயர், கதை, படங்கள் எதையும் வெளியில் சொல்லாதீர்கள். ‘ஒப்படைக்கப்படும் பணிகள்’ அனைத்தும் ரகசியம் என்று எழுதியிருந்தால் இசையும் அதற்குள் சிக்கக்கூடும்; இசை உங்களுடையதாக இருந்தும் வெளியிட முடியாத விசித்திர நிலை. அப்படியானால் எழுத்துபூர்வ இசைவு இல்லாமல் வெளியிட வேண்டாம்.

அதற்குப் பேரம் பேச உங்களிடம் சரக்கு இருக்கிறது. கைவிட்டவை திரும்பி வருவதுண்டு. நிண்டெண்டோ 1990களின் நடுவில் கிடப்பில் போட்ட ஸ்டார் ஃபாக்ஸ் 2, 2017இல் வெளியானது. நாளை இந்த நிறுவனமோ, இதை விலைக்கு வாங்குபவரோ இரண்டாம் பாகத்தைத் தூசி தட்டினால், இசைக்கான தெளிவான உரிமம் தேவைப்படும். விளையாட்டின் பெயரைச் சொல்லாமல் பதினொன்றையும் வெளியிட இசைவு தாருங்கள், பதிலுக்கு எழுத்தில் உரிமம் தருகிறேன் என்று கேளுங்கள். அதில் உங்கள் பெயர் எப்படி இடம்பெற வேண்டும் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பணத்தை இந்தப் பேரத்தோடு கலக்காதீர்கள். அது தனிக் கடன். தவணை விதியில் ‘வெளியீட்டுக்குப் பின்’ என்ற சொல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால், விளையாட்டைக் கைவிட்டது அவர்கள் முடிவு. உங்கள் வேலை முடிந்துவிட்டது. 20,000 வெள்ளி வரையிலான இத்தகைய தொகைக்குச் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் போதும். வழக்குக்கான காரணம் எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் இணையவழியே பதிவுசெய்யலாம். வழக்கறிஞர்கள் அங்கே வாதாட முடியாது. உங்கள் பணப்பைக்கு அது நல்லதே. முன்னதாக, நிறுவனம் கலைப்பில் இருக்கிறதா என்று, நிறுவனங்களைப் பதிவுசெய்யும் அரசு அமைப்பான அக்ராவின் (ACRA) பதிவேட்டில் பாருங்கள். நீதிமன்ற உத்தரவின்படி கலைக்கப்படுகிறது என்றால், வழக்குத் தொடராமல் கலைப்பை நடத்தும் கலைப்பாளரிடம், உங்களுக்கு வரவேண்டிய தொகையைக் காட்டும் கடன் சான்று தாக்கல் செய்யுங்கள்.

இன்றே கடைசித் தவணை கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள், பதிலுக்கு 14 நாள் கொடுங்கள். இசையை ஒப்படைத்ததைக் காட்டும் பழைய மின்னஞ்சல்களையும், பதிவுகளின் மூலக் கோப்புகளையும் உங்கள் சொந்தக் கணினியில் தேதியோடு சேமித்து வையுங்கள்.