கயிறு அறுந்த பிறகு: நூலகரிடம் கேளுங்கள்

போன இதழில் 'பிரிட்ஜ் டு டெராபிதியா' நாவலைப் பற்றி ஒரே ஒரு பத்தி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களே இந்த முறை முழுப் பகுதியையும் எடுத்துக்கொண்டன. கதையின் முடிவைச் சொல்லாமல் இவற்றுக்குப் பதில் எழுத முடியாது. முடிவு தெரியாமல் படிக்க நினைப்பவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடுங்கள்.

என் மகளுக்குப் பத்து வயது. அவளுடைய உயிர்த்தோழி குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். இவள் யாரோடும் ஒட்டாமல் சுருங்கிப்போய் இருக்கிறாள். நீங்கள் எழுதிய நாவலைக் கொடுத்தால் ஆறுதலாக இருக்குமா?
(ஒரு அம்மா)

இப்போது வேண்டாம். ஒரு வருடம் போகட்டும்.

கேதரின் பேட்டர்சன் எழுதி 1977இல் வந்த நாவல் அது. அமெரிக்காவின் வர்ஜீனியா கிராமத்தில் ஜெஸ் என்ற பையன். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவருகிறாள் லெஸ்லி. காய்ந்த ஓடையைக் கயிற்றில் தொங்கியபடி தாண்டி, அக்கரைக் காட்டில் தங்களுக்கென்று ஒரு கற்பனை ராஜ்யம் அமைத்துக்கொள்கிறார்கள். அதன் பெயர்தான் டெராபிதியா. மழை பெய்து ஓடை நிரம்பியிருக்கும் ஒருநாள், ஜெஸ் ஊரில் இல்லாதபோது, லெஸ்லி தனியாகப் போகிறாள். கயிறு அறுந்துவிடுகிறது.

உங்கள் மகளின் தோழி உயிரோடு இருக்கிறாள். போனில் பேசலாம், லீவுக்குப் போய்ப் பார்க்கலாம். இந்த நேரத்தில் இந்தப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால், பிரிவை நினைத்து ஏங்கிக்கொண்டிருக்கும் குழந்தைக்குச் சாவைப் பற்றிய பயமும் புதிதாகச் சேரும். புத்தகத்தை மருந்து மாதிரி வேளை பார்த்துப் புகட்டுவது எனக்கு எப்போதுமே உடன்பாடில்லை.

ஆனால் நீங்கள் படியுங்கள். குறிப்பாக முதல் பாதியை. சாவு அதில் எங்குமே இல்லை, ஒரு பத்து வயதுப் பையனின் கவலைகள்தான் இருக்கின்றன. ஐந்தாம் வகுப்பிலேயே வேகமாக ஓடுகிறவன் ஆக வேண்டும் என்று கோடை முழுக்க விடியற்காலையில் எழுந்து ஓடிப் பழகுகிறான். பள்ளி திறந்ததும் புதிதாக வந்த அந்தப் பெண் எல்லாரையும் தாண்டி ஓடிவிடுகிறாள்! படம் வரைவான், அப்பாவுக்குப் பிடிக்காது என்பதால் ஒளித்து வரைவான். நான்கு சகோதரிகளுக்கு நடுவில் ஒரே பையன். வேலையிலிருந்து வரும் அப்பா குட்டித் தங்கையை அப்படியே அள்ளித் தூக்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அவனை யாரும் அடித்து நொறுக்கவில்லை, பட்டினி போடவுமில்லை. தன்னைத் தூக்கிக் கொஞ்சும் வயதைத் தாண்டிவிட்டதாக வீட்டில் எல்லாரும் முடிவுகட்டிவிட்டார்களே என்ற கவலைதான் அவனுக்கு. இதையெல்லாம் அவன் யாரிடமும் சொல்வதில்லை. உங்கள் மகளும் தோழி போனதைத் தவிர இன்னும் எதையோ சொல்லாமல் வைத்திருக்கலாம். மதிய இடைவேளையில் யார் பக்கத்தில் உட்காருவது என்பதாகக்கூட இருக்கலாம். அதை முதலில் கேட்டுப் பாருங்கள்.

பாட்டி, லெஸ்லி செத்துப்போன மறுநாள் காலையில் ஜெஸ் நிறைய பான்கேக் சாப்பிடுகிறான். என் ஃப்ரெண்டுக்கு அப்படி ஆனால் நான் சாப்பிடவே மாட்டேன். ஜெஸ் கெட்டவனா?
(ஆறாம் வகுப்பு மாணவன்)

கெட்டவன் இல்லைடா தம்பி. நீ கேட்டிருப்பது இந்த நாவலிலேயே ரொம்ப முக்கியமான இடம். பெரியவர்கள் பலபேர் அதைக் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள்.

அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை எடுத்துப் பார். முந்தின நாள் சேதி கேட்டதும் ஜெஸ் நம்ப மாட்டேன் என்கிறான். அந்தக் கயிறு அறுகிற கயிறே இல்லை என்கிறான். வீட்டைவிட்டு ஓடுகிறான். அப்பா வண்டியில் பின்னாலேயே வந்து, சின்னக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு போகிறார். மறுநாள் காலையில் அம்மா தட்டில் பான்கேக்கை வைக்கிறாள், பாகை நிறைய ஊற்றிக்கொண்டு சாப்பிடுகிறான், நன்றாகவும் இருக்கிறது. அக்கா பிரெண்டாவுக்கு ஆத்திரம் வருகிறது. உனக்குக் கொஞ்சம்கூட வருத்தம் இல்லையா என்று திட்டுகிறாள். நீ கேட்டதையேதான் அவளும் கேட்கிறாள், பார்த்தாயா?

வருத்தம் இன்னும் அவனுக்குள் வந்து சேரவில்லை. லெஸ்லி செத்துப்போனாள் என்று காது கேட்டுவிட்டது. ஆனால் பசிக்கும் வயிற்றுக்கும் ருசி பார்க்கும் நாக்குக்கும் அந்தச் சேதி இன்னும் போகவில்லை. பெரியவர்களுக்கே இப்படி ஆகும். குழந்தைகளுக்கு இன்னும் அதிகம். கொஞ்சம் அழுவார்கள், எழுந்து விளையாடப் போவார்கள், ராத்திரி படுக்கும்போது மறுபடி அழுவார்கள். பார்க்கிறவர்களுக்கு இதெல்லாம் கல்நெஞ்சு மாதிரி தெரியும்.

இன்னும் ஒரு இடம் இருக்கிறது. தன் வயதில் உயிர்த்தோழியைச் சாகக் கொடுத்தவன் தான் ஒருவன்தான், பள்ளியில் எல்லாரும் இனிமேல் தன்னை மரியாதையாகப் பார்ப்பார்கள் என்று ஒரு நிமிஷம் அவனுக்குத் தோன்றுகிறது. அப்புறம் லெஸ்லி மேலேயே கோபம் வருகிறது. தன்னை இப்படித் தனியாக விட்டுவிட்டுப் போய்விட்டாளே என்று. நல்ல பையன் இப்படியெல்லாம் நினைப்பானா? நினைப்பான். வெளியே சொல்ல மாட்டான், அவ்வளவுதான். அதைத் துணிந்து எழுதியதால்தான் எனக்கு இந்த எழுத்தாளரைப் பிடிக்கும்.

நீ சாப்பிடாமல் இருப்பாய் என்று எழுதியிருக்கிறாய். இருக்கலாம். ஆளுக்கு ஆள் மாறும். உன் ஃப்ரெண்ட் நூறு வயது வாழட்டும்.

இந்த நாவலை வகுப்பில் வாசிக்கவைக்கப் போகிறேன். 'இக்கதை உணர்த்தும் நீதி யாது?' என்று முடியும் ஒரு வினாத்தாளும் தயார் செய்திருக்கிறேன். வேறு என்ன கேள்விகள் சேர்க்கலாம்?
(ஒரு ஆசிரியர்)

சார், அந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் எடுத்துவிடுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். நீதி என்ன என்று கேட்டால், மழைக்காலத்தில் ஓடைப்பக்கம் போகக்கூடாது என்று எழுதிவிட்டுப் போவார்கள். முழு மதிப்பெண்ணும் போட்டாக வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு லெஸ்லி ஜெஸ்ஸுக்கு நீர்வண்ணப் பெட்டியும் வரைதாளும் தருகிறாள். அவனிடம் இருந்ததிலேயே உயர்ந்த பொருள் அதுதான். அவள் இறந்ததும் அதைக் கொண்டுபோய் ஓடையில் எறிந்துவிடுகிறான். ஏன் எறிந்தான் என்று நாவலாசிரியர் விளக்குவதில்லை. அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசித்துவிட்டு நீங்களும் பேசாமல் இருந்து பாருங்கள். யாராவது ஒரு பிள்ளை வாயைத் திறக்கும்.

பெற்றோர் யாராவது ஆட்சேபித்தால் கலங்க வேண்டாம். அமெரிக்காவில் சிறுவர் நூலுக்குத் தரும் நியூபெரி பதக்கத்தை 1978இல் வாங்கிய இதே நாவல்தான், 1990களில் அமெரிக்காவில் அதிக எதிர்ப்புக்கு ஆளான புத்தகங்களின் பட்டியலிலும் முன்வரிசையில் இருந்தது. கெட்ட வார்த்தை இருக்கிறது, மதத்துக்கு விரோதம், குழந்தைகளுக்குச் சாவைக் காட்டுகிறது என்று பல காரணங்கள் சொன்னார்கள்.

ஒன்பது வயது மகன் இந்த நாவலைப் படித்ததிலிருந்து ராத்திரி விளக்கை அணைக்க விடுவதில்லை. 'ஜெஸ் கூப்பிட்டிருந்தால் லெஸ்லி செத்திருக்க மாட்டாள்' என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான். படிக்கக் கொடுத்தது தப்போ?
(ஒரு அப்பா)

உங்கள் மகன் நன்றாகப் படித்திருக்கிறான். கதையின் முள் அங்கேதான் இருக்கிறது.

ஓடையில் தண்ணீர் ஏற ஏற ஜெஸ்ஸுக்குப் பயம் வந்துவிடுகிறது. லெஸ்லிக்குப் பயமே இல்லை. தனக்குப் பயமாக இருக்கிறது என்று அவளிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் அவனுடைய பெரிய கவலை. அப்படி இருக்கும்போது பாட்டு டீச்சர் போன் செய்து, வாஷிங்டனுக்கு ஓவியக்கூடம் பார்க்க வருகிறாயா என்று கேட்கிறார். அப்பாடா, இன்று ஓடையைத் தாண்ட வேண்டாம்! லெஸ்லியையும் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பிடித்த டீச்சரோடு தான் மட்டும் போவதில் அவனுக்கு ஒரு சந்தோஷம். அவன் வாழ்க்கையிலேயே மிக அழகான அந்த நாளில்தான் அவள் இறக்கிறாள்.

இந்தக் குற்ற உணர்வை ஆசிரியர் சும்மா கற்பனை செய்யவில்லை. 1974இல் பேட்டர்சனின் எட்டு வயது மகனுடைய நெருங்கிய தோழி மின்னல் தாக்கி இறந்துபோனாள். தன்னைக் கடவுளுக்குப் பிடிக்காததால்தான் அவள் செத்தாள், அடுத்து தன் தங்கையைத்தான் கொல்லுவார் என்று அந்தப் பையன் அம்மாவிடம் சொன்னான். அதே வருடம்தான் பேட்டர்சனுக்குப் புற்றுநோய் அறுவைசிகிச்சையும் நடந்திருந்தது. அந்த வீட்டில் எழுதப்பட்ட புத்தகம் இது. லெஸ்லி சாகும் அத்தியாயத்துக்கு வந்ததும் அவரால் எழுதவே முடியாமல் நின்றுபோனதையும் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார்.

குழந்தைகள் கணக்குப் போடும் விதம் அப்படி. எது நடந்தாலும் அதில் தனக்கு ஒரு பங்கு இருப்பதாக நினைப்பார்கள். 1973இல் டோரிஸ் புகனன் ஸ்மித் எழுதிய 'எ டேஸ்ட் ஆஃப் பிளாக்பெர்ரீஸ்' என்ற சிறிய நாவலிலும் இதேதான். எப்போதும் கோமாளித்தனம் செய்யும் நண்பன் தேனீ கொட்டியதும் விழுந்து புரள்கிறான். வழக்கம்போல நடிக்கிறான் என்று நினைத்து, கதை சொல்லும் பையன் வீட்டுக்குப் போய்விடுகிறான். நண்பன் இறந்துவிடுகிறான்.

"அப்படியெல்லாம் நினைக்காதே" என்று சொல்லாதீர்கள். நினைப்பு நிற்காது, உங்களிடம் சொல்வதுதான் நின்றுபோகும். ஆமாம், கூப்பிட்டிருந்தால் அவளும் போயிருப்பாள் என்று ஒத்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம், அறுந்தது கயிறு, ஓடையை நிரப்பியது மழை, கயிறு அறுந்துவிடும் என்று அன்றைக்குக் காலையில் ஜெஸ்ஸுக்குத் தெரியாது என்பதையும் சொல்லுங்கள். முடிந்தால் கடைசிக்கு முந்தின அத்தியாயத்தை அவனோடு உட்கார்ந்து இன்னொரு தடவை வாசியுங்கள். லெஸ்லி நரகத்துக்குப் போவாளா என்று ஜெஸ் பயந்து கேட்க, அவன் அப்பா மகனை அணைத்துக்கொண்டு பதில் சொல்லும் இடம் அதில் வருகிறது. முதல் பாதி முழுக்க அந்த அணைப்புக்குத்தான் அவன் ஏங்கிக்கொண்டிருந்தான்.

யாரிடமாவது ஏதாவது கேட்க மறந்துபோய் உங்கள் மகனும் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறானா என்றும் விசாரியுங்கள். சில வாரம் போயும் தூக்கம் சரியாகாவிட்டால் குழந்தைகள் மனநல ஆலோசகரைப் பாருங்கள். விளக்கு எரிந்துவிட்டுப் போகட்டும்.

படம் பார்த்தால் போதாதா?
(ஒரு வாசகர்)

2007இல் வந்த படம் மோசமில்லை. தோழியை இழந்த அந்த மகனே, டேவிட் பேட்டர்சன், திரைக்கதையில் பங்கெடுத்திருக்கிறார். ஆனால் விளம்பரத்தில் ஏதோ மாயாஜாலப் படம் மாதிரி காட்டினார்கள். அதை நம்பிக் குழந்தைகளோடு போனவர்கள் கடைசியில் திகைத்துப்போனார்கள். புத்தகத்தில் டெராபிதியா இரண்டு பிள்ளைகளின் வாய்ப்பேச்சில் மட்டும்தான் இருக்கிறது. அங்கே பூதமும் ராட்சசனும் கண்ணுக்குத் தெரிவதில்லை. எனக்கு அதுவே போதும்.

எனக்கு ஒன்பது வயதில் என் நெருங்கிய நண்பன் இறந்தான். வீட்டில் யாரும் அவன் பேச்சை எடுக்கவில்லை. என் மனசு சங்கடப்படக் கூடாது என்பதற்காக இருக்கலாம். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டேன். குழந்தைகள் நாவலை இந்த வயதில் படிப்பதா என்று கூச்சமாக இருக்கிறது.
(பெயர் வேண்டாம் என்றவர்)

கூச்சமே வேண்டாம். உங்களுக்காகவே ஒரு காட்சி இருக்கிறது.

வகுப்பு டீச்சர் திருமதி மையர்ஸ். கடுகடுப்பானவர். ஜெஸ்ஸும் லெஸ்லியும் அவருக்கு 'ராட்சச வாய்' என்று பட்டப்பெயர் வைத்துச் சிரித்திருக்கிறார்கள். லெஸ்லி போன பிறகு பள்ளிக்கு வரும் ஜெஸ்ஸை அவர் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிடுகிறார். திட்டப்போகிறார் என்று நினைக்கிறான். ஏறிட்டுப் பார்த்தால் அவர் கண்ணாடிக்குப் பின்னால் கண்ணீர். தன் கணவர் இறந்தபோது அழாதே, மறந்துவிடு என்றே எல்லாரும் சொன்னதாகவும், தனக்கு மறக்கப் பிடிக்கவில்லை என்றும் சொல்கிறார். ஜெஸ்ஸுக்கு அப்போதுதான் உறைக்கிறது, இந்த அம்மாளை யாரோ நேசித்திருக்கிறார்கள், அவரும் நேசித்திருக்கிறார் என்று. லெஸ்லியோடு சேர்ந்து அவன் கேலி செய்த மனுஷிதான் லெஸ்லியைப் பற்றி அவனிடம் சரியாகப் பேசுகிறார்.

உங்கள் வீட்டில் உங்களிடம் அப்படிப் பேச ஆள் இல்லாமல் போய்விட்டது. அவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது, நண்பனை இன்னொரு தடவை இழந்த மாதிரிதான். அம்மா அப்பா இருந்தால் இப்போதாவது கேளுங்கள். பேச வேண்டும் என்று நினைத்து எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் அவர்களும் இத்தனை வருடமாக உட்கார்ந்திருக்கலாம்.

நாவலை எடுத்தால் அவசரப்படாமல் படியுங்கள். ஆரம்பத்தில் பசு மாடு, ஓட்டப்பந்தயம், அக்கா தங்கை சண்டை என்று மெதுவாகத்தான் போகும். இதற்கா இவ்வளவு சொன்னாள் இந்தக் கிழவி என்று அங்கேயே மூடிவைத்துவிடாதீர்கள். படித்த பிறகு எழுதத் தோன்றினால் எழுதுங்கள். இந்தப் பகுதியில் போட மாட்டேன், தனியாகப் பதில் போடுகிறேன்.